வேலையில் இறந்தவரை வேலையில் இறந்தவர் என்றே எழுதுங்கள்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கும், தொழிலாளர் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், மக்கள் நல்வாழ்வுத் துறை, காவல் துறை ஆகியவற்றின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் சித்தப்பாவின் ஏ.ஆர். காப்பி இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது, ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவருக்குள். விபத்துக் கேஸ் வந்தால் அரசு மருத்துவமனையில் முதலில் எழுதுகிற தாள் அது. 2015-இல் எழுதியது. "உயரத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்பதுதான் அதில் உள்ள மொத்த விவரம். அவர் பெயின்டர் என்பது அதில் இல்லை. நாலு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஊஞ்சல் கட்டி பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார் என்பது இல்லை. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டியிருந்த கைப்பிடிச் சுவரின் செங்கல் அப்படியே பெயர்ந்து வந்தது என்பதும், இடுப்பில் பெல்ட் கிடையாது என்பதும், காப்புக்கு இரண்டாவதாக ஒரு கயிறு இருந்திருந்தால் தொங்கிக்கொண்டாவது இருந்திருப்பார் என்பதும் எந்தத் தாளிலும் இல்லை.

எழுதிய டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அன்று அந்த வார்டில் ஸ்ட்ரெச்சர் போக இடமில்லாமல் தரையில் ஆட்கள் கிடந்தார்கள். கூட வந்தது மேஸ்திரியின் ஆள். அவர் சொன்னதை டாக்டர் எழுதினார், எழுதுவதற்கு அந்தத் தாளில் வேறு கேள்வி எதுவும் இல்லை. அப்புறம் போலீஸ் வந்து, இயற்கைக்கு மாறான சாவை விசாரிக்கிற 174-ஆம் பிரிவில் வழக்குப் பதிந்தார்கள் (புதிய சட்டத்தில் இப்போது அது 194 ஆகிவிட்டது), "தவறி விழுந்து மரணம்" என்று முடித்தார்கள். இறப்பைப் பதிவு செய்ய ஒரு படிவம் கொடுத்தார்கள், அதில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது, யாரோ "கூலி" என்று நிரப்பினார்கள். முப்பது வருஷம் தூரிகை பிடித்த மனுஷன் கூலி ஆனார். கடைசியாகக் கைக்கு வந்த இறப்புச் சான்றிதழில் காரணமே இருக்காது, சட்டப்படி அதில் காரணம் போடக் கூடாது. இத்தனை தாளில் ஒன்றில்கூட, இந்த மனிதர் வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த வேலையால் இறந்தார் என்று ஒரு வரி கிடையாது.

பிணவறை வாசலில் ஒரு வேப்ப மரம் இருந்தது. அதன் அடியில்தான் பேச்சுவார்த்தை நடந்தது. உடம்பு இன்னும் உள்ளே இருக்கும்போதே கான்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, "கேஸ் அது இதுன்னு போனா வருஷக் கணக்கா இழுக்கும், கையில வாங்கிக்கிட்டு காரியத்தைப் பாருங்க" என்றார்கள். நியூஸ் பேப்பரில் சுற்றிய பணத்தை என் சித்தியின் அண்ணன் வாங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆம்புலன்ஸுக்குக் கொடுக்கவே அன்று எங்களிடம் காசு இல்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். 1923-இலிருந்து இந்த நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு, இப்படி ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுக்கவும், தொழிலாளர் அலுவலகத்துக்குத் துணையாகப் போகவும் ஆரம்பித்தேன். எனக்கு இது உத்தியோகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் லீவு போடுகிற நாளும்தான். சென்ட்ரிங் தொழிலாளி, தென்னை மரம் ஏறுகிறவர், சிமென்ட் ஷீட் மாற்றக் கூரை ஏறி ஷீட் உடைந்து விழுந்தவர், பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது மண் சரிந்து மூடியவர் என்று எத்தனையோ வீடுகள். தொழில்தான் வேறு, தாள் எல்லா வீட்டிலும் ஒரே தாள். விழுந்தார், ஷாக் அடித்தது, மண் மூடியது, மூழ்கினார்.

நான் இந்த மடலில் கேட்பது ஒரே ஒரு விஷயம். வேலையால் இறந்தவர்களை, எந்தத் தொழிலாக இருந்தாலும், ஒரே இடத்தில் எண்ணுங்கள். எண்ணிவிட்டு, ஒவ்வொரு சாவும் ஏன் நடந்தது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

நாம் எண்ணவே இல்லையா என்று கேட்பீர்கள். எண்ணுகிறோம், துண்டு துண்டாக. தொழிற்சாலைக்குள் இறந்தால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தகவல் போக வேண்டும். சுரங்கம் என்றால் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். பட்டாசு என்றால் கூடவே நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. கொதிகலனுக்கு ஒரு துறை, கடலுக்கு மீன்வளத் துறை, வயலில் இடி விழுந்தால் வருவாய்த் துறை. கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போன பெயின்டருக்கும், வீட்டில் டேங்க் கழுவ வந்தவருக்கும், சாப்பாடு கொண்டுபோன டெலிவரி பையனுக்கும் எந்தத் துறை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் விபத்து மரணங்களின் கணக்கைப் போடுகிறது, அதில் தொழிற்சாலை, இயந்திர விபத்து என்று ஒரு வரிசை உண்டு, சுரங்கத்துக்கும் ஒன்று உண்டு. ஆனால் உயரத்திலிருந்து விழுவது, மின்சாரம் தாக்குவது, கட்டடம் இடிவது, சாலை விபத்து எல்லாம் தனித் தனி வரிசை. மாடியில் வடாம் காயவைக்கப் போய் விழுந்தவரும் என் சித்தப்பாவும் அங்கே ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள். எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) கிடைக்கும் முன் கம்பத்தில் ஏற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவரும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள்.

இந்த மாநிலத்துக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சாவை எண்ணுவதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழி காட்டியிருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1990-களிலேயே இங்கே தாய் மரண ஆய்வு தொடங்கிவிட்டது. உடனே மேலே தகவல் போகும். ஊரில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டுக்கே போய், எத்தனை மணிக்கு வலி வந்தது, யார் முடிவெடுத்தார்கள், வண்டி எப்போது வந்தது, முதல் மருத்துவமனையில் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதுவார். மருத்துவமனையும் தன் பக்கத்தை எழுத வேண்டும். அப்புறம் மாவட்ட ஆட்சியர் முன்னால் கூட்டம். பறிகொடுத்த குடும்பத்தாரையும் அங்கே கூப்பிட்டுக் கேட்பதுண்டு. தாமதம் வீட்டிலா, வழியிலா, ஆஸ்பத்திரியிலா என்று பார்க்கிறார்கள். ரத்தம் கிடைக்காமல் போனதா, மயக்க மருந்து டாக்டர் இல்லையா என்று பார்க்கிறார்கள். சீமாங் என்கிற அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களுக்கும் ரத்த வங்கிகளுக்கும் கொடுத்த கவனத்துக்குப் பின்னால் அந்தக் கேள்விகள் இருந்தன. 2001-03-இல் ஒரு லட்சம் குழந்தை பிறப்புக்கு 134 என்று இருந்த தாய் மரண விகிதம் 2018-20-இல் 54-க்கு வந்தது. ஆய்வு மட்டுமே குறைத்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாமல் அடைத்திருக்க முடியுமா?

அதே ஆட்சியர் அலுவலகம், அதே மருத்துவமனை, அதே அதிகாரிகள். ஒரு கொத்தனார் இறந்தால் ஏன் அந்தக் கூட்டம் நடப்பதில்லை?

சாலை விபத்தையும் பாருங்கள். ஐராட் செயலியில் காவலர் இடத்திலிருந்தே விவரம் ஏற்றுகிறார், வரைபடத்தில் புள்ளி விழுகிறது. எங்கே அடிக்கடி ஆள் சாகிறார்கள் என்று தெரிகிறது, அங்கே விளக்கு போடுகிறார்கள், வளைவை நேர் செய்கிறார்கள். அதில் ஒரே ஒரு கேள்வியைக் கூட்டுங்கள்: இறந்தவர் வேலை நிமித்தம் போய்க்கொண்டிருந்தாரா? லாரி டிரைவர், கிளீனர், டெலிவரி ஆட்கள், விடியற்காலையில் மினி ஆட்டோவில் நெருக்கியடித்து வயல் வேலைக்குப் போகிற பெண்கள், மில் வேனில் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே திரும்புகிற பெண் பிள்ளைகள் எல்லாரும் அப்போதுதான் கண்ணில் படுவார்கள்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே ஓர் இடத்தில் ஆள் இறந்தால் சில நாட்களுக்குள் ஓர் எச்சரிக்கைத் தாள் வந்துவிடுகிறது, அவன் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். யார் என்ற பெயர் இருக்காது. என்ன வேலை நடந்தது, என்ன விழுந்தது, எப்படி அடிபட்டார், இதே வேலை செய்கிற மற்றவர்கள் உடனே எதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அதை வாசித்துக் காட்டுவார்களாம். 2022-இல் அங்கே 46 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். அந்த வருஷம் எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரிந்ததும் செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை கூடுதல் கண்காணிப்புக் காலம் என்று அறிவித்து, பெரிய தவறு செய்யும் கம்பெனி புதிதாக வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடை போடலாம், அதன் தலைமை அதிகாரி நேரில் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் கொண்டுவந்தார்கள். 2023-இல் 36 ஆனது, 2024-இல் மறுபடி 43. ஏறினாலும் இறங்கினாலும் எண் வெளியே வருகிறது. அங்கே சாரம் கட்டுகிற நம் பையன் ஒருவன் இறந்தால் அந்த 43-க்குள் ஒன்றாக இருப்பான். அவனே ஊருக்குத் திரும்பி வந்து இங்கே சாரத்திலிருந்து விழுந்தால் "தவறி விழுந்தார்". இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அமெரிக்கா பெரிய நாடு, அங்கேயும் துறைகள் சிதறித்தான் கிடக்கின்றன. 1992-இலிருந்து அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இறப்புச் சான்று, இழப்பீட்டு மனு, வேலையிடப் பாதுகாப்புத் துறையின் அறிக்கை, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, வேலையால்தான் சாவு என்று பொதுவாக இரண்டு ஆதாரங்களாவது சொன்னால் கணக்கில் சேர்க்கிறார்கள். சொந்தத் தொழில் செய்கிறவரும் விவசாயியும் சாலையில் இறந்த டிரைவரும் அதில் உண்டு. 2023-இல் 5,283 பேர். முதலாளி சொன்னால்தான் கணக்கு என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன். நம்மிடம் இறப்புப் பதிவு இருக்கிறது, ஏ.ஆர். இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, நலவாரிய மனு இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. யாரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993-இலிருந்து சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று சொன்ன பிறகுதான் அரசுகள் பழைய சாவுகளைத் தோண்டி எடுத்தன. அப்படித் தேடியபோது தமிழ்நாட்டில் மட்டும் 200-க்கு மேல் வந்தது, நாட்டிலேயே அதிகம். 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமானது. அந்த எண் வெளியே வந்ததால்தான் இன்று ஒரு சாவு நடந்தால் பத்திரிகையாளர் கேட்கிறார், ஆணையம் வருகிறது, எந்த அதிகாரியாலும் மறைத்துவிட முடிவதில்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் குறிப்பிட்ட சில சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய அமைப்புகள் வருஷக் கணக்கில் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பட்டியல்கள் இல்லையென்றால் நீதிமன்றத்துக்கே இது போயிருக்காது.

அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொழிலுக்கும் இப்படித்தான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும், கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் இறங்குவார். நாற்றம் போகவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போகும், அதைத்தான் அவர் காற்று சுத்தமானதாக எடுத்துக்கொள்கிறார். ஏணியில் மூன்றாவது படியிலேயே சரிந்துவிடுவார். மேலே நிற்கிறவர் தம்பியாக இருக்கும், மச்சானாக இருக்கும், பதறிப்போய்க் குதிப்பார். அவரும் போவார். சில சமயம் மூன்றாவது ஆளும். எத்தனை செய்தியில் படித்திருக்கிறோம், "காப்பாற்றச் சென்றவரும் பலி" என்று. கேஸ் மீட்டர் இல்லாமல் மூடியைத் திறக்காதே, ஆள் விழுந்தால் குதிக்காதே, 108-க்கும் தீயணைப்புக்கும் போன் போடு என்பதைப் பத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தால்கூட இரண்டாவது ஆளாவது பிழைப்பார்.

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் வெடித்து கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கு மேல். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இவை பெரிய செய்திகள், நடுவில் ஒருவர் இருவர் என்று போனவர்களை உள்ளூர்ப் பக்கத்தில்தான் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல்வர் இரங்கல், நிவாரணம், உரிமம் ரத்து, விசாரணைக் குழு. காரணமும் அந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியும். உரிமம் வாங்கியவர் ஷெட்டுகளை உள்குத்தகைக்கு விட்டிருப்பார், உள்குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க ஓர் அறையில் 4 பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் உட்கார வைப்பார், இடம் போதாமல் மரத்தடியில் வேலை நடக்கும், காலையில் கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டியது மீந்து மறுநாள்வரை கிடக்கும், வெயில் ஏறும், உராய்வு ஒன்று போதும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றால், எந்த விபத்தில் இதில் எது காரணம், அதற்கு முன் கடைசியாக எப்போது ஆய்வுக்குப் போனார்கள், அப்போது என்ன எழுதினார்கள் என்று ஒரே இடத்தில் வரிசையாக எங்கே இருக்கிறது? இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தின் அறிக்கைகளை அடுக்கி வைத்தால், உள்குத்தகை எத்தனை முறை வருகிறது என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எண்ணிச் சொல்லிவிடும். அப்போது உள்குத்தகையைக் கண்டும் காணாமல் இருப்பது உங்களுக்கே சங்கடமாக இருக்கும். இருக்க வேண்டும்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, சாவு நடந்தால் தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி விசாரித்து எழுதிய அறிக்கைகள் உங்கள் அலமாரிகளில் எத்தனை ஆயிரம் இருக்குமோ. அவை நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அபராதம் கட்டியிருப்பார்கள், ஃபைல் மூடியிருக்கும். அதே மாதிரி மெஷினை ஓட்டுகிற பக்கத்து ஊர் ஆளுக்கு அதிலிருந்து ஒரு வார்த்தையும் போய்ச் சேரவில்லை. 2020-இல் நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் மே 7-ஆம் தேதி கொதிகலன் வெடித்தது. ஜூலை 1-ஆம் தேதி அதே நிலையத்தில் இன்னொரு யூனிட்டில் வெடித்தது, அதில் இன்னும் அதிகம் பேர் போனார்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டு வாரம்கூட இல்லை. முதல் விபத்திலிருந்து தெரிந்தது என்ன, அது பக்கத்து யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்றுதான் என் மனசு ஓடுகிறது.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் அதில் நிறைய. 2025 செப்டம்பர் 30 எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 பேர், பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். இவை பெரியவை, அதனால் தெரிந்தன. தனியாக ஒரு பிகார் பையன் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தால், போஸ்ட்மார்ட்டம் முடிந்து பெட்டியில் உடம்பை விமானத்தில் ஏற்றி அனுப்புவதோடு நம் பக்கம் கதை முடிந்துவிடுகிறது. இழப்பீட்டுக்கு மனு போட இங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுடைய அம்மா எந்த மொழியில் யாருக்கு எழுதுவார்? எச்சரிக்கைத் தாள் தமிழில் மட்டும் வந்தால் போதாது, இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அசாமியிலும் வர வேண்டும். சாரத்தில் இப்போது ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்று எந்த சைட்டிலும் மேஸ்திரி சொல்வார்.

மெதுவாகச் சாகிறவர்களும் இருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் வருஷத்துக்குச் சுமார் 29 லட்சம் பேர் வேலையால் இறக்கிறார்கள், அதில் சுமார் 26 லட்சம் பேர் நோயால், விபத்தால் சுமார் 3.3 லட்சம். நாம் விபத்தையே எண்ணவில்லை, நோய் எங்கே போகும்? கல்குவாரியிலும் கிரஷரிலும் கல் பட்டறையிலும் தூசியை மூச்சாக இழுத்தவருக்கு நாற்பது வயதில் இருமல் வந்தால் டி.பி. என்று மாத்திரை கொடுக்கிறார்கள், கோர்ஸ் முடிந்ததும் மறுபடி டி.பி. என்கிறார்கள். சிலிகோசிஸ், அதாவது கல் தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய், என்று எழுதினால் வேலையின் மேல் பொறுப்பு வந்துவிடும். தொழில்நோயைக் கண்ட டாக்டர் தகவல் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது, கொடுக்காவிட்டால் ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. ராஜஸ்தான் 2019-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, தூசி நோயாளிகளைப் பதிவு செய்து உதவித்தொகை கொடுக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுகிற விவசாயக் கூலிகளும் இதே கணக்குதான். 2017-இல் பெரம்பலூர்ப் பக்கம் இப்படி நடந்த சாவுகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடலில் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் பலரின் உடல் திரும்பவே இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் என்பது பொதுவான சட்டம். கடல்தான் ஒருவருடைய வேலையிடம் என்றால் அந்த ஏழு வருஷத்துக்கு அவர் எந்தக் கணக்கில் இருப்பார் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன், இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தெரிந்தால் அதைச் செய்யுங்கள். ஏ.ஆர். புத்தகத்திலும், போலீஸ் விசாரணைத் தாளிலும், இறப்புப் பதிவுப் படிவத்திலும் ஒரே கேள்வி வரட்டும்: சம்பவத்தின்போது இவர் கூலிக்கோ சொந்தத் தொழிலுக்கோ வேலை செய்துகொண்டிருந்தாரா, ஆம் என்றால் என்ன வேலை, யாருக்காக? "கூலி" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆம் என்று எங்கே விழுந்தாலும் அது தானாக மாவட்டத்தில் ஓர் அதிகாரிக்குப் போகட்டும், தொழிற்சாலையா, வயலா, கடலா, ரோடா என்று பார்க்காமல். அவர் ஒரு வாரத்துக்குள் இடத்தையும் வீட்டையும் பார்க்கட்டும், கூட வேலை செய்தவர்களிடம் முதலாளி இல்லாதபோது பேசட்டும். மாதம் ஒருமுறை ஆட்சியர் முன்னால் கூட்டம், குடும்பத்தோடு. அது முடிந்ததும், இறந்தவர் பெயர் இல்லாமல், என்ன நடந்தது, எது இருந்திருந்தால் நடந்திருக்காது என்று ஒரு பக்கம், எல்லாரும் படிக்கிற மாதிரி. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அது தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்று தொழிற்சங்கங்களுக்குப் பெரிய சண்டையே இருக்கிறது, நானும் பயப்படுகிறவன்தான். ஆனால் மாநில விதிகளில் இதற்கு ஓர் இடம் வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

ஒரு பயம் உங்களுக்கு இருக்கும், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஒழுங்காக எண்ண ஆரம்பித்தால் முதல் வருஷம் எண் ஏறும். தமிழ்நாட்டில் வேலையிடச் சாவு அதிகரிப்பு என்று தலைப்பு வரும், சட்டமன்றத்தில் கேட்பார்கள், வெளியிலிருந்து தொழில் தொடங்க வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து பின்வாங்காதீர்கள். சாவைப் பதிவு செய்த மாவட்டத்தைத் திட்டாதீர்கள், மறைத்த மாவட்டத்தைக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் உங்களுக்குத் துணையாகப் பேசுவோம், இதை நான் வாக்காகவே சொல்கிறேன். ஏப்ரல் 28 உலகம் முழுக்க வேலையிடப் பாதுகாப்பு நாள், வேலையில் இறந்தவர்களை நினைக்கிற நாளும் அதுதான். வருகிற ஏப்ரல் 28-இல் ஒரே ஒரு மாவட்டத்துக்காவது முதல் பட்டியலை வெளியிடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, விடுபட்டவர்களை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்.

அடுத்த வாரம் ஓர் அக்காவோடு தொழிலாளர் அலுவலகம் போகிறேன். அவர் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர், ஒரு வீட்டு மாடியில் நீளமான கம்பியைத் திருப்பும்போது மேலே போன லைனில் பட்டுவிட்டது. ஏ.ஆர். காப்பியில் "மின்சாரம் தாக்கியதாகக் கூறப்படுகிறது" என்று இருக்கிறது. அதை வாசித்துச் சொன்னதும், "கம்பி கட்டிக்கிட்டு இருந்தாருன்னு போடலையா தம்பி?" என்று கேட்டார். போடவில்லை அக்கா என்றேன். அந்தத் தாளை வாங்கி, அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார்.

இப்படிக்கு,
ஒரு பெயின்டரின் அண்ணன் மகன்